வலப்பக்கம் இழுக்கும் படகு

"குனிங்க" என்று தலையைத் திருப்பாமலே சொல்லிவிட்டுத்தான் பல்லக்கா தானும் குனிவார். ஓடைக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கும் கிளை முதலில் அவர் கொண்டையை உரசும், அப்புறம் படகின் பின்சீட்டில் இருக்கும் வீட்டுக்காரரின் தொப்பியை உரசும். அவர் குனிந்தாரா இல்லையா என்று பல்லக்கா ஒருநாளும் பார்த்ததில்லை. இந்தப் பழக்கம் தண்ணீரோடு நின்றபாடில்லை. பஸ்ஸில் ஏறும்போதும், நிலை தாழ்ந்த வாசலில் நுழையும்போதும், படியிறங்கி மளிகைக்கடைக்குப் போகும்போதும் இதே "குனிங்க"தான். பின்னால் வருகிறவர் யார் எவர் என்றே தெரியாது. அவரும் மறுபேச்சில்லாமல் குனிந்துவிடுவார். அப்படி ஒரு குரல்.

அந்த ஓடையை அழகு என்று சொன்னால் ஓடையே சிரிக்கும். கிடங்குகளின் முதுகுப்பக்கமாக ஓடுகிறது. ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்துச் சுவரிலிருந்து ஒரு குழாய் எந்நேரமும் வெந்நீர் கக்கிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டினால் ரயில் பாலம், பாலத்துக்கு அடியில் கடையிலிருந்து யாரோ தள்ளிக்கொண்டு வந்து தலைகுப்புறப் போட்டுவிட்டுப் போன சக்கர வண்டி. அப்புறம் இருபக்கமும் நாணல். தண்ணீர் ஆறிப்போன டீயின் நிறத்தில் இருக்கும். இரண்டு பேர் உட்காரும் கயாக் படகில் ஞாயிறு தவறாமல் எதிர்நீரில் பாலம் தாண்டிப் போய், நாணல் முடிகிற இடத்தில் பிளாஸ்கைத் திறந்து டீ குடித்துவிட்டு, நீரோட்டத்தோடு திரும்பி வருவதுதான் பல்லக்காவும் வீட்டுக்காரரும் கண்ட உல்லாசம். பிள்ளை இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரொம்ப நீளமாக இருக்கிறது என்றுதான் அந்தப் படகைச் செகண்ட்ஹேண்டாக வாங்கினார்கள். கயாக் என்று இருவரும் சொல்வதில்லை. போட்டு.

பல்லக்காவின் பிழைப்பு பல்செட் செய்வது. பல் டாக்டரின் க்ளினிக்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அலமாரி முழுக்க ஊர்க்காரர்களின் வாய்கள், பிளாஸ்டர் மாவில் வார்த்தவை, வாயைப் பிளந்தபடி வரிசையாக உட்கார்ந்திருக்கும். மெழுகு உருகும் வாசனையும் பல் ராவிய தூசியும் சேலையோடு வீட்டுக்கு வந்துவிடும். க்ளினிக்கில் வைத்த பெயர் தெருவுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. யார் சிரித்தாலும் பல்லக்கா கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டிக்காகக் கத்திக்கொண்டிருந்தபோதுகூட, கீழ்வரிசையில் அந்தக் கோடிப்பல் ரொம்ப நாள் தாங்காது என்றுதான் அவருக்குத் தோன்றியதாம். சண்டை பாதியிலேயே ஓய்ந்துவிட்டது. இவர் பதில் சொன்னால்தானே.

விளிம்பு பிசிறியிருந்தால் அவருக்கு ஆகாது. கைப்பையில் சின்ன அரம் ஒன்று எப்போதும் கிடக்கும். கடையில் டீ வந்தால் கப்பின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பிசிறு தட்டுப்பட்டால் அரத்தை எடுத்து அங்கேயே ராவிவிடுவார். கடைக்காரருக்குப் பழகிவிட்டது. "எங்க கடைக் கப்பெல்லாம் அக்கா புண்ணியத்துல பளபளன்னு இருக்கு" என்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பல்செட் குத்துகிறது, ஆடுகிறது, சாப்பிட முடியவில்லை என்று யார் திரும்பி வந்தாலும், அவர்களுடைய ஈறு அப்படி, தாடை இப்படி என்று சொல்வது பல்லக்காவுக்குப் பிடிக்காது. புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருத்தி, அந்தப் பெரியவர் வாயே கோணல் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவளோடு பேச்சில்லை. சாயங்காலம் அறையைச் சாத்தும்போது ஒன்றே ஒன்று சொன்னார்.

"வாயக் குத்தம் சொல்லாத. வாய் அப்படித்தான் இருக்கும். செட்ல குறை எங்கன்னு பாரு."

மனிதரை விட்டுவிட்டுச் சாமானில் குற்றம் பார்ப்பது அவருக்குத் தொழில் மட்டுமல்ல, குணமாகவே ஆகிவிட்டது. குழம்பு அடிப்பிடித்தால் பாத்திரம் சரியில்லை. வீட்டுக்காரர் நேரங்கழித்து வந்தால் பஸ் சரியில்லை. இந்தக் குணத்தால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை, அந்தப் படகு வலப்பக்கம் இழுக்க ஆரம்பிக்கும் வரைக்கும்.

இன்னொரு வித்தையும் அவரிடம் உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில பேருக்குச் செட் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், ஆனாலும் மனசு பொருந்தாது. மூன்றாம் தடவை, நான்காம் தடவை என்று வந்துகொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்டவரின் செட்டை வாங்கிக்கொண்டு பல்லக்கா உள்ளே போவார். தேய்க்கும் மிஷினைப் போட்டு அது பாட்டுக்குச் சத்தம் போட விடுவார். செட்டைத் தண்ணீரில் அலசித் துடைத்து அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். போட்டுப் பார்த்துவிட்டு, "ஆங், இப்ப சரியா இருக்கு" என்பார்கள். இதில் பல்லக்காவுக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. ஆனாலும் அவர்கள் போகும்போது நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தால் கூச்சம் போய்விடும்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை. வீட்டில் எந்த அலமாரியில் எது இருக்கும், யார் கல்யாணத்துக்கு எந்தச் சட்டை என்பதெல்லாம் பல்லக்காவின் இலாகா. படகில் மட்டும் ஆட்சி மாறும். ஆளுக்கு ஒரு துடுப்பு, அதன் இரண்டு முனையிலும் தட்டையாக ஓர் இலை. இரண்டு பேர் படகில் முன்னால் இருப்பவர் துடுப்புக்குத் தாளம் கொடுப்பார். பின்னால் இருப்பவர்தான் வழி நடத்துவார். பாலத்துத் தூணை எப்படி ஒதுங்க வேண்டும், கவிழ்ந்த வண்டியை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலிருந்தே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். வாரம் முழுக்க ஊரையே குனியச் சொல்லிக்கொண்டிருக்கும் பல்லக்காவுக்கு, தன்னை யாரோ ஓட்டிக்கொண்டு போகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ஓய்வு. அதை அவர் வெளியே சொன்னதில்லை.

போன வருஷம் வெயில் குறைந்த சமயம், படகின் மூக்கு வலப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. முதலில் காற்று என்று நினைத்தார்கள். காற்றில்லாத நாளிலும் திரும்பியது. நேரான இடத்தில்கூட நாலு துடுப்புப் போட்டால் வலப்பக்கக் கரை கிட்டத்தில் வந்துவிடும். பல்லக்கா வழக்கம்போல முன்னால் பார்த்தபடியே, "போட்டுல ஏதோ குறை இருக்குங்க" என்றார். பின்னாலிருந்து உடனே பதில் வரவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான், "ஆமா, போட்டுலதான்" என்று வந்தது.

கரைக்கு வந்ததும் பல்லக்கா படகைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பாகம் முழுக்கக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கீறல்கள் இருந்தன. எந்தப் படகுக்குத்தான் இல்லை. வளைவு எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. ஆனாலும் விடுவதாக இல்லை. பட்டறையில் கொண்டுபோய் விட்டார்.

பட்டறைக்காரர் படகைப் பழைய டயர்கள் மேல் கவிழ்த்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் நூல் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். பல்லக்கா ஏற்கவில்லை. அலமாரியில் இருக்கும்போது எல்லாச் செட்டும் அழகாகத்தான் இருக்கும், வாயில் போட்டால்தான் தெரியும் என்று வாதாடினார். அந்த மனிதரும் பொறுமைசாலி. படகைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஓடைக்குக் கொண்டுவந்து, பல்லக்காவை முன்னால் உட்காரச் சொல்லி, தான் பின்சீட்டில் உட்கார்ந்தார்.

படகு நேராகப் போனது.

சலவைக்கூடத்துக் குழாயைத் தாண்டியும் நேராகப் போனது. பாலத்தைத் தாண்டியும் நேராகப் போனது. பல்லக்கா தாளத்தை மாற்றிப் பார்த்தார், வேகமாகப் போட்டுப் பார்த்தார், மெதுவாகப் போட்டுப் பார்த்தார். பின்னால் இரண்டு கையும் ஒரே பலத்தில் தண்ணீரைத் தள்ளுவது அவர் இடுப்புக்குத் தெரிந்தது. இத்தனை நாளாகப் பின்னாலிருந்து இடதுகைத் தள்ளல் மட்டும்தான் முழுசாக வந்தது, வலதுகைத் தள்ளல் பேருக்குத்தான் வந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. இடப்பக்கம் மட்டும் தள்ளினால் மூக்கு வலப்பக்கம்தானே போகும். கல்யாணமான நாளிலிருந்து கூடவே இருக்கிற மனிதரின் கை தேய்ந்துகொண்டு வருவதை, அவரோடு சாப்பிட்டும் தூங்கியும் தெரிந்துகொள்ளாமல், வேறொரு ஆள் பின்னால் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. 

கரையேறும்போது பட்டறைக்காரர் சாதாரணமாகக் கேட்டார். "வழக்கமா பின்னாடி யாருக்கா உக்கார்றது?"

"நான்தான்" என்றார் பல்லக்கா.

"அப்ப உங்க வலது கையத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்" என்று சிரித்தார் அவர். பல்லக்காவும் சிரித்துவைத்தார். அவர் பல் எப்படி என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். என்ன சொன்னார் பட்டறைக்காரர் என்று கேட்டார். கேட்ட விதத்தில் படகைப் பற்றிய கவலை இல்லை; பரீட்சை முடிவு கேட்கிறவரின் முகம் அது. பல்லக்காவுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வரவில்லை. கை தானாக மிஷினைப் போட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"அடியில கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சாம். தட்டி எடுத்துட்டாரு. இனிமே சரியா போகும்."

"அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

"வளைஞ்சிருந்துச்சுன்னு?"

"ஆமாங்கறேன்."

வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். 

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அடுத்த ஞாயிறு பல்லக்கா தொளதொளவென்று ஒரு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படகில் ஏறினார். பின்னால் இருப்பவருக்குத் தன் தோள் தெரியும், கை தெரியும் என்பது அவருக்குத் தெரியாதா. துடுப்பை நடுவில் பிடிக்காமல் விரலளவு வலப்பக்கம் தள்ளிப் பிடித்தார். அப்படிப் பிடித்தால் வலப்பக்கத்து இலை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்த் தண்ணீரை எடுக்கும், உடம்பைச் சாய்க்காமலே கூடுதலாக இழுக்கலாம். ஒவ்வொரு வலப்பக்கத் தள்ளலிலும் வீட்டுக்காரருடைய பங்கையும் சேர்த்து இழுத்தார். படகு நேராகப் போனது. பாலத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து, "பாத்தியா, போட்டுலதான் இருந்திருக்கு" என்று வந்தது. அப்புறம் விசில். அவர் விசிலடித்துப் பல்லக்கா கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஒரு ஞாயிறு, மிஞ்சிப்போனால் இரண்டு ஞாயிறு, அவர் கொஞ்சம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் நானே நல்லவிதமாகப் பேசி டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றுதான் பல்லக்கா நினைத்திருந்தார். நினைத்தது நிஜம். ஆனால் அந்த விசிலை நிறுத்த யாருக்கு மனசு வரும். மழைக்காலம் வந்தது, போனது. பல்லக்காவின் வலது தோள் கழன்றுவிடும்போல வலித்தது. தைலம் தேய்த்துக்கொண்டு, மிஷின் வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டார். வீட்டில் வீட்டுக்காரர் கையிலிருந்து கப் நழுவி விழுந்தது. வழுக்குகிற கப் என்று பல்லக்கா வேறு கப் வாங்கினார். கதவைத் திறக்கத் திணறினார். பல்லக்கா பூட்டுக்கு எண்ணெய் விட்டார். பேனா சரியில்லை, பிளாஸ்க் மூடி சரியில்லை, சட்டைத் துணி சரியில்லை. ஒவ்வொரு சாமானாகக் குற்றவாளி ஆனது. அவரும் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் போட்டார்.

ஒருநாள் காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியின் நரம்புப் பிரிவிலிருந்து ஒரு பெண். டாக்டரைப் பார்க்க முன்பு வாங்கியிருந்த நாளை அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இப்போது இடம் காலியாகிறது, மறுபடியும் வேண்டுமா என்று விசாரித்தாள். பல்லக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எந்த நாள், ஏன் வேண்டாம் என்றார் என்று கேட்டார். கை சரியாகிவிட்டது, இனி தேவையில்லை என்று போனில் சொன்னாராம். எப்போது சொன்னார் என்று கேட்டதற்கு அந்தப் பெண் பார்த்துச் சொன்னாள். பல்லக்கா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். படகு நேராகப் போய், அவர் விசிலடித்த ஞாயிற்றுக்கு மறுநாள்.

ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் கைதான் என்று சந்தேகப்பட்டு, யாரிடமும் சொல்லாமல், பயந்துகொண்டே போய் நாள் வாங்கி வைத்திருந்திருக்கிறார். அதைப் பல்லக்காவின் பொய் வந்து கலைத்துவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்த காரியம் தன் புருஷனை டாக்டரின் வாசலிலிருந்து கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்திருக்கிறது. போனை வைத்துவிட்டு அவர் சமையலறையில் ஒரு காரியமும் செய்யாமல் நின்றார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை நின்றார். கிடைத்த இடத்தை விடாமல் போனிலேயே நாள் மட்டும் வாங்கி வைத்திருந்தார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. வாயால் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை.

அந்த ஞாயிறு வானம் மூடிக் கிடந்தது. மழைக்கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். பாலம் தாண்டி நாணல் தொடங்குகிற நேரான இடத்துக்கு வந்ததும், பல்லக்கா துடுப்பில் இரண்டு கைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். பின்னாலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியும்படியாகவே கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, நிதானமாகப் போட்டார். படகின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது. இன்னும் திரும்பியது. பல்லக்கா தடுக்கவில்லை. நாணலுக்குள் சரசரவென்று நுழைந்து, சேற்றில் முட்டி நின்றது. உள்ளேயிருந்து ஒரு பறவை எழுந்து பறந்துபோனது.

 நாணல்தாள்கள் படகின்மேல் உராய்ந்துகொண்டே இருந்தன.

"எத்தன நாளா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பட்டறைல விட்டதுலேர்ந்து."

"போட்டு வளைஞ்சிருக்கல."

"இல்லங்க. நல்லாதான் இருந்துச்சு."

அவர் திட்டியிருந்தால் தேவலை. படகைத் தட்டியிருந்தால்கூடத் தேவலை.  பல்லக்கா திரும்பிப் பார்த்தார். தொப்பி மடியில் கிடந்தது. வலது கை துடுப்பின்மேல் இருந்தது, ஆனால் பிடித்திருக்கவில்லை.

"நான் நல்லாயிட்டேன்னு நெனச்சேன்மா" என்றார்.

 மன்னிச்சிருங்க என்ற சொல் பல்லக்காவின் வாய்வரை வந்து சின்னதாகத் தோன்றித் திரும்பிப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நாள் வாங்கியிருப்பதை மட்டும் சொன்னார். அவர் தலையாட்டினார். படகைச் சேற்றிலிருந்து பின்னுக்குத் தள்ளி எடுக்க இருவருக்கும் நேரமாயிற்று. பல்லக்காவின் சேலை முழங்கால் வரை சேறு.

நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். ஊசிகள் குத்தி, கம்பிகள் இணைத்து, கையை நீட்டச் சொல்லி, மடக்கச் சொல்லி எல்லாம் பார்த்தார்கள். நரம்பு நோய் கையில் தொடங்கியிருக்கிறது, கையோடு நிற்காது என்று சொன்னார். மெதுவாக்க மருந்து உண்டு, நிறுத்த மருந்து இல்லை. வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொள்ள வெளியே போன சமயம் பார்த்துப் பல்லக்கா கேட்டுவிட்டார். மழைக்கு முன்னால் வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா? அந்தப் பெண் மேஜையைப் பார்த்தபடி, உறுதியாகச் சொல்ல முடியாது, கொஞ்சம் தள்ளிப்போட்டிருக்கலாம் என்றார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்கும் தைரியம் பல்லக்காவுக்கு வரவில்லை. இன்றுவரைக்கும் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், வெளியே பார்த்துக்கொண்டே, "போட்டுலதான்னு ஆமா போட்டது நான்" என்றார்.  பல்லக்கா அவருடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கைக்குக் கனமே இல்லாமல் இருந்தது.

இப்போது அவர் வேலைக்குப் போவதில்லை. பல்லக்கா மட்டும் போகிறார். அறையில் மாவு வாய்கள் வரிசையாக இருக்கின்றன, மெழுகு உருகுகிறது. மனசு பொருந்தாதவர்கள் இப்போதும் வருகிறார்கள். செட்டை வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல குறை இல்லைங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு க்ளினிக்குக்குப் போய்விட்டார்கள். டாக்டருக்கு வருத்தம்தான். சும்மா மிஷினைப் போட்டுச் சத்தம் காட்டுவதில் என்ன போயிற்று என்று ஒருமுறை கேட்டாராம். பல்லக்கா உள்ளே போய்விட்டார்.

படகு ரொம்ப நாள் சுவரில் சாத்தியே கிடந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று பல்லக்கா யோசித்தார். அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. போன ஞாயிறு காலையில், தூறலும் பனியுமாக இருந்தபோது, வீட்டுக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, "வா, போயிட்டு வரலாம்" என்றார்.

கரையில் படகை இறக்கியதும் அவர் நேராகப் போய் முன்சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.  அவர் ஏறி உட்காரும்வரை பல்லக்கா படகைப் பிடித்துக்கொண்டு, துடுப்பைக் கையில் கொடுத்துவிட்டு, தான் பின்னால் போய் உட்கார்ந்தார். அந்த முதுகை அவர் படகில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சட்டை இரண்டு தோளிலும் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை மெலிந்திருக்கிறார் என்று வீட்டில் தெரியவில்லை. கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்.

முன்னால் இருப்பவரின் தாளத்துக்குத்தான் பின்னால் இருப்பவர் துடுப்புப் போட வேண்டும். இல்லாவிட்டால் துடுப்போடு துடுப்பு மோதும். வீட்டுக்காரர் இடப்பக்கம் ஒன்று போட்டார். வலப்பக்கத்து இலையைத் தண்ணீரில் வைத்து எடுத்தார், அவ்வளவுதான். மறுபடி இடப்பக்கம் வர நேரமாயிற்று. பல்லக்கா காத்திருந்து, அதே நிதானத்தில், அதே மெல்லிசாகப் போட்டார். தான் இழுத்தால் படகு பறக்கும் என்று அவருக்குத் தெரியும். இழுக்கவில்லை. அவர் இலை தண்ணீரைத் தொட்டால் இவர் இலையும் தொட்டது. அவர் எடுத்தால் இவரும் எடுத்தார். எதிர்நீர் வேறு. சலவைக்கூடத்துச் சுவரில் வெந்நீர் கக்கும் குழாய் பக்கத்திலேயே இருந்தது. எத்தனையோ தடவை துடுப்பு விழுந்து எழுந்த பிறகும் அந்தக் குழாய் அங்கேயேதான் இருந்தது. அப்புறம் அது மெல்ல மெல்ல முன்னால் நகர ஆரம்பித்தது. படகு பின்னால் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். துடுப்பை மடியில் குறுக்காக வைத்தார். அந்தத் துடுப்பு இரண்டு துண்டாகக் கழற்றக்கூடியது. நடுமூட்டில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் கழன்றுகொள்ளும்; துடுப்புப் போடுவதை முடித்துக்கொண்டால் அப்படிக் கழற்றித்தான் வைப்பார்கள். அவர் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். விரல் வழுக்கியது. இடது கையால் முயன்றார். அதுவும் முன்போல இல்லை. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. பல்லக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பொத்தான் துருப்பிடித்திருக்கும், மண் அடைத்திருக்கும் என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை.

அவர் திரும்பவில்லை. துடுப்பை இரண்டு கைகளாலும் மெல்லத் தூக்கி, தலைக்கு மேலாகப் பின்னால் கொண்டுவந்து, நடுமூட்டைப் பல்லக்காவின் முகத்துக்கு நேராக, பொத்தான் தெரியும்படி திருப்பி நீட்டினார்.  பல்லக்கா தன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, ஒரு கையால் அவர் துடுப்பைத் தாங்கிக்கொண்டு, பொத்தானை அழுத்தினார்.